வளவின் நாலு எல்லைகள்



போன தவணை தரம் 7 பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னேன். வாப்பா பக்கத்தில் எல்லாரும் நாலு, ஐந்து தலைமுறை எழுதியிருந்தார்கள். உம்மா பக்கம் மூத்தம்மாவோடு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டாள்: "சேர், உங்கட மூத்தம்மாட உம்மாட பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. பதினேழு வருடமாக வரலாறு படிப்பிக்கிறேன்.

வீட்டில் கேட்டேன். உம்மாவுக்கு அவர் "பெரிய மூத்தம்மா" மட்டும்தான். சாச்சி ஒரு பெயர் சொன்னா, பெரியும்மா இன்னொன்று சொன்னா. சரி, பதிவுகளில் பார்ப்போம் என்று இறங்கினேன். மருதமுனையில் பிறந்து, மருதமுனையிலேயே மௌத்தான ஒரு பொம்பிளையைத் தேட இவ்வளவு அலைச்சல் வரும் என்று நினைக்கவில்லை.

முதலில் மரணச் சான்றிதழ். பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்தேன். பெயர் இருந்தது, தகப்பன் பெயர் இருந்தது. தாயின் பெயருக்குரிய இடத்தில் ஒரு கோடு. தொழில் என்ற இடத்திலும் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் சாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ராட்டையில நூல் சுத்திச் சுத்தித்தான் அவ நாலு பிள்ளையையும் வளர்த்த" என்றா. மருதமுனைத் துணி என்றால் எல்லாருக்கும் தறியில் இருந்த ஆம்பிளைகள்தான் நினைவுக்கு வரும். அந்தத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்த கைகள் எந்தப் பதிவிலும் தொழிலாக ஏறவில்லை.

பிறகு பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகள். ஆண்டு சரியாகத் தெரியாததால் சில வருடங்களின் பதிவைச் சேர்த்துத் தேடச் சொன்னேன். சாச்சி சொன்னது நாலு பிள்ளை. பதிவில் ஆறு. இரண்டு பேர் ஒரு வயது தாண்டவில்லை, அவர்களின் மரணப் பதிவும் இருந்தது. அந்தக் காலத்தில் இது எந்த வீட்டுக்கும் புதிதல்ல. மலேரியா பரவிய 1935இல் இலங்கை முழுவதிலும் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. ஆனால் அந்த இரண்டு பிள்ளைகள் இருந்ததே எங்கள் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. உம்மாவிடம் சொன்னபோது அவ ஒன்றும் பேசவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து, அவர்களின் பெயரை ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னா.

நிக்காஹ் பதிவிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. பெரிய மூத்தம்மாவின் கலியாணம் பதியப்படவே இல்லை. 1886இலேயே பதிவுக்குச் சட்டம் வந்தது, ஆனால் பதியாததால் நமது நிக்காஹ் செல்லாமல் போகாது என்பதால் பலர் பதியவில்லை. மூத்தம்மாவின் கலியாணப் பதிவு கிடைத்தது. மஹர் எவ்வளவு என்று இருக்கிறது. மாப்பிள்ளை, வலி, நிக்காஹ் செய்தவர், சாட்சிகள் எல்லாரும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். மணப்பெண்ணின் ஒப்பம் இல்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டமும் மணப்பெண்ணின் ஒப்பத்தைக் கேட்கவில்லை. இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கடைசியில் அவரைக் கண்டுபிடித்தது காணி உறுதியில்தான்.

நமது கிழக்கில் வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் போகும். உம்மா மகளுக்குக் கொடுப்பா, மகள் தன் மகளுக்குக் கொடுப்பா. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். அக்கரைப்பற்றில் பல வருடம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். நமக்கு இது சாதாரணம் என்பதால் நாம் கவனிப்பதில்லை.

எங்கள் வீட்டிலிருந்த மூல உறுதி 2004 டிசம்பர் 26 கடலோடு போய்விட்டது. ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவும் வேண்டும். அந்தப் பிரதி அங்கே இருந்தது.

1950களின் தொடக்கத்தில், மூத்தம்மாவின் கலியாணத்துக்காக எழுதிய சீதன உறுதி. மாவட்டம் மட்டக்களப்பு என்றிருக்கிறது, அம்பாறை 1961இல்தான் பிரிந்தது. கொடுப்பவர் பெரிய மூத்தம்மா. இந்த வளவு தனக்குத் தன் தாயாரிடமிருந்து சீதனமாக வந்தது என்று சொல்லி, தாயாரின் பெயரையும் சொல்கிறார். மரணச் சான்றிதழில் கோடாக இருந்த அதே பெயர். கீழே அவரது இடது பெருவிரல் அடையாளம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது எல்லைகள். கிழக்கே இன்னாரின் வளவு, தெற்கே இன்னாரின் வளவு, மேற்கே பாதை, வடக்கே இன்னாரின் வளவு. பாதையை விட்டால் மூன்றும் பொம்பிளைப் பெயர். சாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "கிழக்கால இருந்தது அவட தங்கச்சி. தெக்கால இருந்தது மூத்த ராத்தா" என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னா. ஒரு பெரிய வளவைத் தாய் ஒருத்தி மகள்மாருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறா. அந்தக் காகிதம்தான் எங்கள் உம்மா பக்கத்துக் குடும்ப மரம்.

சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடுகளின் கடுதாசியை எடுத்துப் பாருங்கள். கிழக்கில் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஆம்பிளையின் பெயரிலேயே வீடு எழுதப்பட்டது. எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான். குறைந்தது மூன்று தலைமுறையாக உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீடு, கடலோடு போனபின் வாப்பாவின் பெயரில் திரும்பி வந்தது. வாப்பா நல்ல மனுசன், நாங்கள் யாரும் அப்போது அதை யோசிக்கவில்லை. போன மாதம் உம்மாதான் கேட்டா, "இத உன்ட தங்கச்சிர பேருக்கு எப்ப எழுதுற?" என்று. நொத்தாரிசிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.

பெரிய மூத்தம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை. குடும்பத்தில் சிலருக்கு விருப்பமில்லை. கேள்வி கேட்ட பிள்ளைக்கு வகுப்பில் சொல்லிவிட்டேன்.

வடக்கு எல்லையில் இருப்பவர் யார் என்று சாச்சிக்கும் நினைவில்லை. கடற்கரைப் பக்கம் பழைய வளவு இருந்த குடும்பங்கள் உங்கள் பழைய உறுதிகளின் தெற்கு எல்லையைக் கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். மேற்கே பாதையும், தெற்கே நூல் சுற்றிய ஒருத்தியின் வளவும் இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள்.