செரட்டோனின்

பெயர்ச்சொல். நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று.

எடுத்த ரத்தத்தைச் சோதனைக் குழாயில் சிறிது நேரம் வைத்தால் அது உறைந்து அடியில் தங்கும். மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். அதுதான் சீரம். ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் வெளிவிடும் ஒரு பொருள் ரத்தக் குழாயை இறுக்குகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரத்த அழுத்தத்தை ஆராய்ந்த இர்வின் பேஜ், ஆர்டா கிரீன், மாரிஸ் ராப்போர்ட் மூவரும் 1948இல் சீரத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். லத்தீன் ‘சீரம்’, இழுவிசையைக் குறிக்கும் கிரேக்க ‘டோனோஸ்’ இரண்டும் சேர்ந்து செரட்டோனின் ஆயிற்று. பெயரில் மூளையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

முன்னதாகவே, 1930களில், இத்தாலியரான விட்டோரியோ எர்ஸ்பாமர் குடலில் ஒரு பொருளைக் கண்டு ‘என்டரமின்’ என்று பெயரிட்டிருந்தார். இரண்டும் ஒன்றே என்பது 1952இல் உறுதியானது. குடலைச் சுட்டும் அந்தப் பெயரே நிலைத்திருக்கலாம். உடலின் செரட்டோனினில் ஏறக்குறைய 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. அது மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. மூளையிலும் இது உண்டென்று பெட்டி ட்வராக் 1953இல் காட்டிய பிறகே தூக்கம், பசி, மனநிலை ஆகியவற்றோடு இதன் பெயர் இணைந்தது.

‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று இன்று எழுதுவது பொருளை மிகவும் குறுக்கிவிடுகிறது. கீமோதெரபி எடுப்பவரை வாட்டும் குமட்டலிலும், குடலில் பெருகி வேகஸ் நரம்பைத் தூண்டும் இதே செரட்டோனினுக்குப் பெரும் பங்குண்டு. அப்போது தரப்படும் ஆன்டன்செட்ரான் மாத்திரை, செரட்டோனின் நரம்பில் பற்றும் இடத்தை அடைத்துவிடுகிறது.