வீட்டுக் கணினியில் மால்வேர்: நீக்கமும் காப்பும்

கணினிக்கு உரியவர் அறியாமலோ அவரை ஏமாற்றியோ உள்ளே புகுந்து, தரவைத் திருடவும் அழிக்கவும் முடக்கவும் எழுதப்பட்ட நிரல்களுக்குப் பொதுப்பெயர் மால்வேர். தமிழில் தீநிரல் என்றும் எழுதுவர். வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவுவது வைரஸ். வலையமைப்பு வழியே தானாகப் பரவுவது புழு. பயனுள்ள மென்பொருள்போல் நடித்து நுழைவது ட்ரோஜன். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது ரேன்சம்வேர். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிச் செல்வது இன்ஃபோஸ்டீலர். இன்று ஒரு குடும்பத்துக்குப் பெருநட்டம் விளைவிக்கக்கூடியவை கடைசி இரண்டும்தான். வந்தது எந்த வகை என்பதைப் பொறுத்தே நீக்கும் முறையும், நீக்கிய பிறகு செய்ய வேண்டியவையும் அமையும்.

வரலாறு

லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி சகோதரர்கள் 1986இல் எழுதிய ‘பிரெயின்’, ஐபிஎம் பிசி வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸாகக் கருதப்படுகிறது. ஃப்ளாப்பி வட்டின் தொடக்கப் பகுதியில் அது குடியேறியது. எழுதியவர்கள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை அதற்குள்ளேயே பொறித்திருந்தனர். அந்த வெளிப்படைத்தன்மை அதன்பின் வந்தவர்களிடம் இல்லை. 1989இல் ‘எய்ட்ஸ்’ ட்ரோஜன் ஃப்ளாப்பி வட்டுகளில் தபால் மூலம் பரப்பப்பட்டது. சில காலம் கழித்து அது கோப்புப் பெயர்களை மறைத்து, பனாமாவிலுள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. ரேன்சம்வேரின் மூதாதை அதுவே.

2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ புழு, காதல் கடிதம் என்ற பெயரில் வந்த மின்னஞ்சல் இணைப்பைத் திறந்தவர்களைத் தாக்கியது. அதை எழுதியவரைத் தண்டிக்க அந்நாட்டில் அப்போது சட்டம் இல்லை. வீட்டுப் பயனருக்குப் பாடமாக எஞ்சியிருப்பது ‘வான்னாக்ரை’ ரேன்சம்வேர். அது 2017 மே 12 அன்று உலகைத் தாக்கியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடைப்பட்ட இரண்டு மாதத்தில் அப்டேட் செய்துகொண்டவர்களின் கணினிகளில் அந்த ஓட்டை வழியே அதனால் நுழைய முடியவில்லை.

பென் டிரைவ் தொற்று

தமிழ்நாட்டில் பலர் மால்வேரை முதன்முதலில் சந்தித்த இடம் ஜெராக்ஸ் கடையோ, போட்டோ ஸ்டுடியோவோ, கல்லூரி ஆய்வகமோதான். முன்பு பென் டிரைவைச் செருகிய மாத்திரத்தில் அதிலிருந்த நிரலை விண்டோஸ் தானாக இயக்கிவந்தது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கு வந்த அப்டேட் அந்த வழியை அடைத்தது. ஆனால் பயனரையே சொடுக்கவைக்கும் ஷார்ட்கட் உத்தி இன்றும் நடமாடுகிறது. டிரைவைத் திறந்தால் ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் சிறு அம்புக்குறி தெரியும். அவை உண்மையான ஃபோல்டர்கள் அல்ல. சொடுக்கினால் உள்ளிருக்கும் படங்கள் வழக்கம்போல் திறக்கும். கூடவே பின்னணியில் தீநிரலும் ஓடிவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு ஃபார்மட் செய்து கல்யாணப் படங்களை இழக்கிறார்கள். உண்மையான ஃபோல்டர்கள் பெரும்பாலும் அழிவதில்லை. ‘மறைந்தது’, ‘சிஸ்டம்’ என்ற இரு முத்திரைகள் குத்தி ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை மட்டும் மாற்றினால் அவை தெரியாது. பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் தேர்வையும் எடுத்துவிட வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்டில் ‘அட்ரிப்’ கட்டளையைக் கொண்டு இரு முத்திரைகளையும் நீக்கலாம். ஆனால் முதலில் சுத்தம் செய்ய வேண்டியது கணினியை. அது நோயோடு இருக்கும்வரை டிரைவை எத்தனை முறை துடைத்தாலும் அடுத்த முறை செருகியதும் மீண்டும் தொற்றும்.

அறிகுறிகள்

கணினி மெதுவாக ஓடுவதை மட்டும் வைத்து மால்வேர் என்று முடிவுகட்ட முடியாது. நினைவகக் குறைவும் தேய்ந்த ஹார்ட் டிஸ்கும்கூடக் காரணமாகலாம். தேடுபொறி தானாக மாறியிருப்பது, நீங்கள் நிறுவாத எக்ஸ்டென்ஷன் உலாவியில் இருப்பது, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அணைந்து கிடந்து மீண்டும் இயங்க மறுப்பது, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காமல் போவது ஆகியவை வலுவான அறிகுறிகள். இவற்றுள் கடைசியானது 2008இல் பரவிய ‘கான்ஃபிக்கர்’ புழுவின் வேலை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் மிரட்டல் குறிப்பு கிடந்து, கோப்புப் பெயர்களின் வால் மாறியிருந்தால் அது ரேன்சம்வேர்.

திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்’ என்று வந்துகொண்டே இருப்பது பெரும்பாலும் மால்வேரே அல்ல. ஏதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி தந்திருப்பீர்கள்; உலாவி அமைப்புக்குள் சென்று அதை ரத்து செய்தால் நின்றுவிடும். திரை முழுவதையும் அடைத்து, அலறல் ஒலியுடன் ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டினால் அது மோசடிக்காரரின் எண். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை.

நீக்கும் முறை

முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். திருட்டு தொடர்வதையும் புதிய நிரல்கள் இறங்குவதையும் அது தடுக்கும். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. ரேன்சம்வேர் என்றால் மிரட்டல் குறிப்பைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளவும். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்க வேண்டாம்.

விண்டோஸ் 8 முதல் கணினியுடனேயே வரும் டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்றொரு வசதி உண்டு. பலர் இதைத் தொட்டதே இல்லை. இயங்குதளம் முழுமையாக எழும்புவதற்கு முன்பே இது தேடத் தொடங்குவதால், விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் நிரல்களும் அகப்படும். கால் மணி நேர அளவில் முடிந்துவிடும். புதிய மடிக்கணினிகளில், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கணினி கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸ் அல்லது மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரைப் பயன்படுத்தலாம். பின்னது தரவிறக்கிய 10 நாளில் காலாவதியாகும், அதனால் பழைய பிரதி உதவாது. இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் இலவச நீக்கக் கருவிகளைத் தருகிறது. எந்நேரமும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ்கள் இரண்டை ஒரே கணினியில் நிறுவினால் ஒன்றோடொன்று மோதும்.

நீக்கிய மறுநாளே திரும்பி வந்தால், எங்கோ அதை மீண்டும் தூண்டிவிடும் ஓர் இடம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். மைக்ரோசாஃப்டின் ‘ஆட்டோரன்ஸ்’ கருவி, கணினி தொடங்கும்போது தானாக ஓடும் அனைத்தையும் ஒரே பட்டியலில் காட்டும். மைக்ரோசாஃப்டுக்கு உரிய வரிகளை மறைத்துவிட்டால் மிச்சமிருப்பவை சில டஜன் மட்டுமே. பெயர் புரியாத நிரல்களையும், டாஸ்க் ஷெட்யூலரில் காரணமின்றி அமர்ந்திருக்கும் பணிகளையும் அங்கே பிடிக்கலாம். உலாவியில், வீட்டுக் கணினியாக இருந்தும் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வரி தெரிந்தால் கவனிக்கவும். நீக்க முடியாதபடி ஓர் எக்ஸ்டென்ஷனைத் திணிக்க மால்வேர் அலுவலக நிர்வாகத்துக்கான வசதியைப் பயன்படுத்தியிருக்கலாம். சில ஆன்டிவைரஸ்களும் இதே வரியைத் தோன்றச் செய்வதுண்டு. மால்வேர் மாற்றியிருக்கக்கூடிய ப்ராக்ஸி, டிஎன்எஸ் அமைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

விளம்பர நிரல் என்றால் இவ்வளவு போதும். பின்கதவு திறக்கும் ட்ரோஜனோ இன்ஃபோஸ்டீலரோ புகுந்திருந்தால், ஸ்கேனர் ‘சுத்தம்’ என்று சொன்னாலும் நம்பி இருக்கக் கூடாது. விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரி. ஸ்கேனர் தனக்குத் தெரிந்ததை மட்டுமே கண்டுபிடிக்கும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, ‘ரீசெட்’ பகுதியில் அனைத்தையும் நீக்கும் தேர்வைக் கொடுக்கலாம். இன்னும் உறுதியான வழி, நோயற்ற வேறு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் வட்டைத் தயாரித்து அதிலிருந்து நிறுவுவது. கணினியுடன் வந்த அசல் உரிமம் இணையத்தில் இணைந்ததும் தானே உயிர்பெறும். கடையில் கொடுத்து நிறுவச் சொன்னால், கிராக் செய்த விண்டோஸ் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். டிஃபெண்டரை அணைத்துவிட்டு ஓடவிடச் சொல்லும் எந்த ஆக்டிவேட்டரும் கணினியில் இருக்கத் தகுந்ததல்ல.

நீக்கிய பிறகு

கணினியைச் சுத்தம் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது மிகப் பெரிய பிழை. ‘லும்மா’ என்ற இன்ஃபோஸ்டீலர் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் 3,94,000க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இத்தகைய நிரல் கடவுச்சொல்லோடு, நீங்கள் ஏற்கனவே உள்நுழைந்திருப்பதைக் குறிக்கும் குக்கிகளையும் எடுத்துச் செல்கிறது. அவை கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். உங்கள் மின்னஞ்சலுக்குள் திருடன் நேராக நுழைந்துவிடுவான். எனவே நோயற்ற வேறொரு சாதனத்திலிருந்து, முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றி, ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்த வேண்டும். அதன்பின் இருபடிச் சரிபார்ப்பை இயக்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும், இந்தியாவில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

ரேன்சம்வேரில் பணம் கட்டினாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. நெதர்லாந்து காவல்துறை, யூரோபோல் ஆகியவை பாதுகாப்பு நிறுவனங்களுடன் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் இலவசப் பூட்டுநீக்கிகள் கிடைக்கின்றன. கிராக் மென்பொருள்களோடு வந்து வீட்டுப் பயனர்களை வாட்டிய ‘ஸ்டாப்’ ரேன்சம்வேரின் 148 வகைகளுக்கு எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019இல் பூட்டுநீக்கி வெளியிட்டது. அதுவரை பொறுமையாகப் பூட்டிய கோப்புகளைக் காப்பாற்றி வைத்தவர்களுக்கே அது பயன்பட்டது.

காப்பு

விண்டோஸையும் உலாவியையும் அப்டேட் செய்துவைப்பதே முதல் அரண். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பில் பதிந்துகொள்ளாத கணினிகளில் புதிய ஓட்டைகள் அடைபடுவதில்லை. வீட்டுக்கு டிஃபெண்டரே போதும். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவது கட்டாயம் அல்ல. அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்கைப் பயன்படுத்தினால், தவறி ஓடிய நிரலின் கை அவ்வளவு நீளாது. கோப்பு வால்களைக் காட்டும் அமைப்பையும் இயக்கி வையுங்கள், பில்.பிடிஎஃப் என்று தெரிவது உண்மையில் பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ என்பது அப்போதுதான் புலப்படும்.

அண்மைக்காலத்தில் ஒரு புதிய தந்திரம் பரவுகிறது. ‘நீங்கள் மனிதரா?’ என்று சோதிக்கும் பக்கம்போல் ஒன்று திறக்கும். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். என்டர் தட்டியதும் மால்வேரை நீங்களே நிறுவியவராகிறீர்கள். எந்த உண்மையான சோதனையும் இப்படிக் கேட்காது. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

இவை அனைத்தும் தவறினாலும் கைகொடுப்பது நகல் ஒன்றே. அது எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். மற்றொரு பிரதி கிளவுடில் இருக்கட்டும். நகலெடுத்த கையோடு அதிலிருந்து நான்கைந்து கோப்புகளைத் திறந்து, சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.