யானை ஏறியவர்கள்

2019 அக்டோபர் கடைசியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. தன் பக்கத்தின் முகப்பில் அவர் வைத்திருந்தது 1936இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுத்த புகழ்பெற்ற படம். கூட்டமே நாஜி வணக்கத்துக்குக் கை நீட்டியிருக்க, ஒரே ஒரு தொழிலாளி மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆகஸ்ட் லாண்ட்மெசர் என்று பலரும் அவருக்குப் பெயர் சொல்கிறார்கள். நாஜிகளுக்குத் தலைவணங்காத மனிதனின் படத்தையே வெறுப்புப் படம் என்று ட்விட்டர் முத்திரை குத்தியது. கணக்கு திரும்பக் கிடைத்த வேகத்தில், இந்திக் கவிஞர் கோரக் பாண்டேயின் கவிதை இடம்பெற்ற ஒரு பழைய பதிவைக் காட்டி மறுபடியும் முடக்கினார்கள்.

அதே நாட்களில், கணக்கைச் சரிபார்த்ததற்கான நீலக் குறியை ட்விட்டர் கொடுப்பதில் சாதி பார்க்கிறார்கள் என்று தலித், பகுஜன் பயனர்களும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கோபமும் சேர்ந்து, நவம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் அதுவரை கேள்விப்பட்டிராத ஓரிடத்தில் போய் இறங்கினார்கள். அதன் பெயர் மாஸ்டடான். அழிந்துபோன யானையினம் ஒன்றின் பெயர். ஆனால் நிறுவனர் அதை எடுத்தது தனக்குப் பிடித்த ஒரு மெட்டல் இசைக்குழுவிடமிருந்து.

நிறுவனர் என்றால் பெரிய முதலாளி அல்ல. ஜெர்மனியின் ஜெனா நகரில் கணினி அறிவியல் படித்த யூஜென் ரோச்கோ, 2016இல் ஒற்றை ஆளாக எழுதிய கட்டற்ற மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்குக் கடிதம் அனுப்புவதுபோல, ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். விளம்பரம் கிடையாது. எதை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதமும் கிடையாது. பதிவுகள் வந்த வரிசையில் நிற்கும்.

யோசனை அவருடையது மட்டுமல்ல. ட்விட்டர் அடிக்கடி படுத்துக்கொண்டிருந்த 2008லேயே, மான்ட்ரியாலிலிருந்து எவன் புரோட்ரோமோ இதே மாதிரி ஐடென்டிகா என்ற தளத்தைத் தொடங்கிவிட்டார். 2010இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர், ஃபேஸ்புக்குக்கு மாற்றாக டயாஸ்போரா செய்யப்போகிறோம் என்று கிக்ஸ்டார்ட்டரில் 10,000 டாலர் கேட்டார்கள். 2 லட்சம் டாலர் வந்து குவிந்தது. பணம் கொடுத்தவர்களில் மார்க் ஜக்கர்பெர்க்கும் ஒருவர் என்பது இந்த வரலாற்றின் நல்ல நகைச்சுவை. செய்து முடிக்கும் முன்பே அவ்வளவு புகழ் வந்தது அந்த இளைஞர்களுக்கு வரமாக அமையவில்லை. 2012இல் டயாஸ்போராவை ஆர்வலர் சமூகத்திடம் ஒப்படைத்தார்கள். பெரிய கூட்டம் அங்கே போய்ச் சேரவே இல்லை.

ஆனால் இந்தத் தோல்விகளின் மிச்சத்திலிருந்துதான் ஒரு பொது நெறிமுறை உருவானது. சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான ஆக்டிவிட்டிபப் என்ற அதை, 2018 ஜனவரியில் உலகளாவிய வலைத்தரத்தை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஏற்றது. அதை எழுதியவர்களில் புரோட்ரோமோவும் இருந்தார்.

2019இல் போன இந்தியர்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். சண்டை போடவும் சிரிக்கவும் தெரிந்த முகங்கள் பழைய இடத்திலேயே இருந்தன. எந்த சர்வரில் சேர்வது என்ற முதல் கேள்வியிலேயே பலர் களைத்துப்போனார்கள்.

இதைவிடப் பெரிய அலை 2022இல் வந்தது. அக்டோபர் 27ஆம் தேதி ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி முடித்தார். மாதம் சுமார் 3 லட்சம் பேர் புழங்கிய மாஸ்டடானில் சில வாரங்களில் 25 லட்சம் பேர். அதன் முழுநேர ஊழியர் அப்போதும் ரோச்கோ ஒருவர்தான். டிசம்பரில் ட்விட்டர், மாஸ்டடானின் கணக்கை முடக்கி அதற்கான இணைப்புகளையும் தடுத்தது. போட்டித் தளங்களை விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு விதி போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அவசரமாக வாபஸ் வாங்கியது. இதைவிட நல்ல விளம்பரத்தை மாஸ்டடான் காசு கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது. இருந்தும் 2023 பிறந்ததும் கூட்டம் வடியத் தொடங்கியது.

வாடகையில்லாத வீட்டுக்கும் செலவு உண்டு. சர்வர் கட்டணம், வசைகளையும் ஆபாசத்தையும் நீக்கும் வேலை எல்லாமே தன்னார்வலர்கள் தலையில். அலுத்துப்போய் சர்வரை மூடியவர்களும் உண்டு. ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு மூடினால், பயனர் தன் பின்தொடர்வோரைக் கையோடு அழைத்துக்கொண்டு வேறு சர்வருக்குப் போய்விடலாம். எண்ணிக்கையில் தோற்ற இந்த முயற்சியின் உண்மையான சாதனை அதுதான். பெங்களூரின் கூ இங்கே ஒப்பிடத் தக்கது. 2021இல் ட்விட்டரோடு மோதிய மத்திய அரசின் அமைச்சர்களே அதில் கணக்குத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் கடையை மூடியபோது, அங்கே சேர்ந்திருந்த உறவுகளும் மூட்டையோடு போயின.

பெரிய நிறுவனம் தானே வந்து இந்தப் பொது நெறிமுறையில் சேர்ந்தால் என்ன? மெட்டா தன் த்ரெட்ஸ் தளத்தை 2023 டிசம்பரில் ஆக்டிவிட்டிபப்போடு இணைத்துப் பார்க்கத் தொடங்கியது. அதற்கு முன்பே பல மாஸ்டடான் சர்வர்கள் அதைத் தடைசெய்துவிட்டன. காரணம் பழைய சூடு. 2005இல் வந்த கூகுள் டாக், ஜாபர் என்ற திறந்த நெறிமுறையில் இயங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து ஜிமெயில் கணக்கே இல்லாதவரோடும் அதிலிருந்து அரட்டை அடிக்கலாம். 2013இல் ஹேங்அவுட்ஸ் என்று புதுப்பெயரில் வந்தபோது அந்தக் கதவு சாத்தப்பட்டது. வெளியே நின்ற சிறு சர்வர்களில் இருந்தவர்களுக்குத் தங்கள் நண்பர்கள் பாதிப் பேர் காணாமல் போயிருந்தார்கள்.

2025 செப்டம்பரில் சென்னை ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ என்ற செயலிக்கும் ஓர் அலை அடித்தது. சுதேசிப் பேச்சும் மத்திய அமைச்சர்களின் பரிந்துரையும் சேர்ந்து, நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் 3.5 லட்சமாக ஏறியது என்றார் ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு. தரவு இந்தியாவில் இருக்கும் என்பதைப் பலரும் பெரிதாகப் பேசினார்கள். கவனிக்க வேண்டியது வேம்பு அதற்கடுத்துச் சொன்னது: இத்தகைய செயலிகள் வாட்ஸ்அப் போல மூடியிருக்கக் கூடாது, யுபிஐ போலவும் மின்னஞ்சல் போலவும் ஒன்றோடொன்று பேச வேண்டும். அதற்கான பொது நெறிமுறை பற்றி மென்பொருள் துறைச் சிந்தனைக் குழுவான ஐஸ்பிரிட் அமைப்போடு பேச்சு தொடங்கியிருப்பதாகவும் தெரிவித்தார். அது நடைமுறைக்கு வரும்வரை அரட்டையில் இருப்பவர் அரட்டையில் இருப்பவரோடு மட்டும்தான் பேசலாம்.