டின்னுக்குள் இருந்த குற்றம்

1852 ஜனவரி. இங்கிலாந்தின் காஸ்போர்ட் கடற்படைக் கிடங்கில் அதிகாரிகள் இறைச்சி டின்களை உடைத்துப் பார்த்தார்கள். 306 டின்களில் 42 மட்டுமே சாப்பிடும்படி இருந்தன. மற்றவை அழுகி நாறின. இறைச்சி என்ற பெயரில் குடலும் கழிவும் அடைத்திருந்தார்கள். ஸ்டீபன் கோல்ட்னர் என்ற ஒப்பந்தக்காரர் மால்டேவியாவிலிருந்து அனுப்பிய சரக்கு அது.

கத்தரிக்காயோ மீனோ என்றால் தொட்டும் முகர்ந்தும் பார்த்து வாங்கிவிடுவோம். மூடிய டின்னில் அது நடக்காது. லேபிளை நம்புவதுதான் வழி.

மதுரை-தூத்துக்குடி ரயில் பாதையில் இருக்கும் திருமங்கலத்துக்கும் டின் சரக்கு வந்தது. இப்படிப்பட்ட மோசடியைத் தடுக்க, சென்னை மாகாணம் கலப்படத் தடைச் சட்டம் கொண்டுவந்தது 1918-இல். நாடு முழுவதற்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் நிறைவேறி, 1955 ஜூன் 1 முதல் அமலானது. தவறான லேபிள் ஒட்டுவதும் அதில் தனிக் குற்றம்.

இந்த 1954 சட்டப்படி தொடக்கத்தில் சாம்பிள் எடுத்த விதத்தைக் கவனியுங்கள். உணவு ஆய்வாளர் அதற்கான விலையைக் கொடுத்துவிட வேண்டும். சாட்சி முன்னிலையில் மூன்று பங்காக்கி, தனித்தனியே அடைத்து முத்திரை வைக்க வேண்டும். ஒரு பங்கு விற்றவருக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, மூன்றாவது ஆய்வாளரிடமே இருக்கும். பகுப்பாய்வு முடிவில் தகராறு வந்தால் நீதிமன்றம் கல்கத்தா மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பும். அங்கே சொன்னதுதான் இறுதி.

எனக்கு மிகவும் பிடித்தது 14-ஆம் பிரிவு. மதுரை கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கி, திருமங்கலத்தில் சில்லறைக்கு விற்கும் மளிகைக்காரர் டின்னைப் பிரித்தா பார்க்க முடியும்? எனவே தயாரிப்பாளரும் மொத்த வியாபாரியும் எழுத்து மூலம் வாரண்டி தர வேண்டும் என்றது அந்தப் பிரிவு. முறையாக வாங்கி, பிரிக்காமல், ஒழுங்காக வைத்திருந்து அப்படியே விற்றதைக் காட்டினால் சிறு கடைக்காரர் தப்பிக்கலாம். 1976 திருத்தத்துக்குப் பிறகு பில்லே வாரண்டி ஆனது. உள்ளே அடைத்தவரை விட்டுவிட்டு விற்றவரை மட்டும் தண்டித்திருந்தால் அது நியாயமே ஆகாது.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2011 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டம். இதில் வாங்குபவருக்கு ஓர் உரிமை உண்டு. சந்தேகமான பொருளை, கடைக்காரரிடம் அப்போதே சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி நீங்களே பரிசோதனைக்கு அனுப்பலாம்; குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். டின் உப்பியிருந்தால் வாங்காதீர்கள். வாங்கியதற்கு பில் கேட்டு வையுங்கள்.