மனப்புண்ணும் சயாம் பாதையும்

சுங்கை செம்பிலாங் போன்ற கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ‘சயாமுக்குப் போனவர்’ என்றாலே முதியோர்க்கு விளங்கிவிடும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைத்துச் சப்பானியர் இட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பெற்றனர். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பட்டினியும் அவர்களை மாய்த்தன. தப்பி மீண்டோர் 1945க்குப் பின் மறுபடியும் பால்மரம் வெட்டினர். அவர்தம் உள்ளத்துப் புண்ணைக் கேட்டறிந்தார் யார்?

அக்காலத்தில் அதற்கு மருத்துவமே இல்லை எனக் கருதுதல் பிழை. முதல் உலகப் போரில் பேச்சும் உறக்கமும் இழந்த படைவீரரை எடின்பரோ நகரையடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் ரிவர்சு என்னும் அறிஞர் பேணினார். இவர் நமக்கு முற்றும் அயலாரல்லர். நீலகிரித் தோடரை ஆராய்ந்து 1906இல் பெருநூல் வெளியிட்டவர் இவரே. ‘நடந்ததை மறந்துவிடு’ என்னும் அறிவுரையே நோயை வளர்க்கிறது என்று இவர் 1917இல் எடுத்துரைத்தார். நண்பனின் சிதைந்த உடலைக் கண்ட அதிகாரி ஒருவர் இரவுதோறும் அக்காட்சியையே கனவிற் கண்டு நடுங்கினார். ‘அவ்வுடல் சிதைந்த விதமே அவர் துன்பமறியாது நொடியில் மாண்டார் என்பதற்குச் சான்று’ என ரிவர்சு உணர்த்தினார். அதன்பின் வந்த கனவில் அதிகாரி நண்பனோடு உரையாடினார், அச்சம் தணிந்தது. ஆயினும், ஆறுதலுக்கு இடமே தராத நினைவு உடையார் சிலர்க்குத் தம் முறை பயன்படவில்லை என்பதையும் அவர் மறைத்தாரில்லர். அந்நேர்மை போற்றற்குரியது.

சயாம் நினைவு பெரிதும் இப்பின்னைய வகையினதே. உடன்சென்றோரைக் குழியிலிட்டு, கருமாதியும் செய்யாது திரும்பியவர்க்கு எதைச் சொல்லித் தேற்றுவது? இத்தகைய நோய்க்கு அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனிப்பெயர் கிடைத்ததே 1980இற்றான்.

ஈழப்போரின் வடுக்களை ஆராய்ந்த யாழ்ப்பாண உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனியாளைப் போலவே சமூகமும் புண்படும் என்பதை வலியுறுத்தினார். ஆகவே பேச்சோடு சடங்கும் கூட்டுறவும் மருத்துவத்தில் இடம்பெற்றன. உடல் கிடைக்காதபோது துயர் முடிவின்றி நிற்கும். ஈமக்கடன் வெறும் வழக்கமன்று என்பது இதனால் விளங்கும்.

காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயரோடு வரிசையாக நிற்கின்றன. அங்கே மாண்ட தமிழர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. தொல்காப்பியம் கூறும் நடுகல் மரபைப் பின்பற்றி, 2023இல் அந்நகரத்துப் புத்தக் கோயில் ஒன்றில் அவர்கள் நினைவாக நடுகல் ஒன்று நாட்டப்பெற்றது. பாதை முடிந்து அப்போது எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.