'90 நம்பர்' ஆயிலின் கதை

எங்கள் நெமிலி பக்கம் கியர் பாக்ஸ் ஆயில் மாற்றப் போனால், என்ன கார் என்று பார்க்கும் முன்பே "90 ஊத்திடலாமா?" என்று கேட்கும் மெக்கானிக்குகள் இன்றும் உண்டு. இந்த 90 எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது நண்பர்களே.

ஆயில் கெட்டியா, நீர்ப்பா என்பதற்கு (இதைத்தான் பாகுத்தன்மை என்கிறோம்) எண் கொடுத்தது அமெரிக்காவில் 1905ல் தொடங்கிய எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம். என்ஜின் ஆயிலுக்கு 20, 30, 40, 50. கியர் ஆயிலுக்கு 80, 90, 140. இரண்டும் வேறு வேறு அளவுகோல். 90 என்றால் 40ஐ விட இரு மடங்கு கெட்டி என்று நினைப்போம். ஆனால் 100 டிகிரி சூட்டில் கியர் ஆயில் 90ம், என்ஜின் ஆயில் 40, 50ம் ஏறக்குறைய ஒரே பதம்தான்! மோரிஸ் மைனர் கியர் பாக்ஸுக்கு என்ஜின் ஆயிலே போதுமாக இருந்தது. 1959ல் வந்த மினி காரில் என்ஜினுக்கும் கியருக்கும் சேர்த்தே ஒரே ஆயில்.

90க்குப் பெரிய தேவை வந்தது பின் அச்சில். 1926ல் பேக்கார்டு கார் 'ஹைப்பாய்டு' பல்சக்கரத்தைக் கொண்டுவந்தது. இதில் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று அழுந்திச் சறுக்கவும் செய்யும். அதைத் தாங்கக் கெட்டி ஆயிலும், அதில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த மருந்தும் தேவைப்பட்டன. நம் அம்பாசடரின் பின் அச்சும் இந்த வகைதான். ஒரே டப்பாவை எல்லாவற்றுக்கும் ஊற்றும் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம் என்பது என் கணிப்பு.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. என்ஜின் குறுக்கே, ஓட்டம் முன் சக்கரத்தில். ஹைப்பாய்டு பல்லே கிடையாது. இப்படிப்பட்ட கியர் பாக்ஸில் கவனிக்க வேண்டியது சிங்க்ரோ வளையம். 1928ல் காடிலாக் அறிமுகப்படுத்திய ஏற்பாடு இது. கியர் மாற்றும்போது பித்தளை வளையம் நடுவில் இருக்கும் ஆயில் படலத்தைக் கிழித்து, உலோகத்தைப் பிடித்து, இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்க வேண்டும். ஆயில் கெட்டியாக இருந்தால் படலம் சீக்கிரம் விலகாது. காலையில் முதல் கிலோமீட்டரில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"நம்ம வேலூர் வெயிலுக்கு கெட்டிதான் நல்லது" என்பார்கள். 75டபிள்யூ-80 என்பதில் 'டபிள்யூ' ஒட்டிய எண் குளிருக்கானது. நமக்கு அது பெரிதல்ல. பின்னால் வரும் 80தான் சூட்டில் உள்ள பதம். வெயிலையும் கணக்கில் வைத்துத்தான் கம்பெனி அதைக் கையேட்டில் எழுதுகிறது.

எண்ணை விட முக்கியமாக டப்பாவில் இன்னொன்று இருக்கும்: ஜி.எல்.-4 அல்லது ஜி.எல்.-5. ஐந்தில் அந்தக் கந்தக மருந்து ஏறக்குறைய இரு மடங்கு. சிலவகை ஜி.எல்.-5 ஆயில்கள் பித்தளையை நாளடைவில் அரித்துவிடும். கையேடு ஜி.எல்.-4 என்று சொன்னால் கடைக்காரர் "இது அதை விட ஒசத்தி" என்று ஐந்தைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் 90 டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். பின் அச்சுக்கு அது இன்றும் வேண்டும்.