பல்லவர் காலக் காஞ்சியின் மதுக்கடை

காஞ்சிபுரத்தில் பல்லவர் காலக் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. அக்காலத்து மதுக்கடைகளில் ஒரு செங்கல்கூட எஞ்சவில்லை. ஆயினும் அத்தகைய கடை ஒன்றை, அந்நகரை ஆண்ட அரசனே எழுத்தில் விட்டுச் சென்றிருக்கிறான். முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகமே அந்தச் சான்று. 'மத்தவிலாசன்' என்பது அவனுடைய பட்டப்பெயர்களுள் ஒன்று.

சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையுடன் காஞ்சித் தெருவில் தள்ளாடி வருகிறான். மதுக்கடையைக் கண்டதும் அது அவனுக்கு வேள்விச்சாலையாகத் தோன்றுகிறது. கடைக் கம்பம் வேள்வித் தூணாகவும், மது சோமபானமாகவும், குடிகாரர்கள் வேதியர்களாகவும், அவர்களின் உளறல் மந்திரமாகவும் அவன் கண்ணுக்குப் படுகின்றன. கடைக்காரனே வேள்வி செய்விக்கும் தலைவன்! பிச்சை கேட்டவனுக்குக் கடையில் மது கிடைக்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டிய கபாலத்தைத்தான் காணவில்லை. மாட்டுக் கொம்பில் மதுவை வாங்கிக்கொள்கிறான். பின்னர், அதைத் திருடியதாக நாகசேனன் என்ற புத்தத் துறவி மீது பழி சுமத்துகிறான். உண்மையில் அதைக் கவ்விச் சென்றது ஒரு நாய்.

எள்ளல் நாடகத்தை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. காபாலிகரும் பௌத்தரும் இதில் காட்டப்படுவதுபோலவே வாழ்ந்தனர் எனச் சொல்வது பிழையாகும். ஆனால் கேலியின் பின்னணியாக வரும் பொருள்கள் பார்ப்போருக்குப் பழக்கமானவையாக இருந்திருக்க வேண்டும்; இல்லையேல் சிரிப்பு வராது. கம்பம் நட்ட கடை, கிண்ணங்கள், பாட்டு, சுட்ட இறைச்சி ஆகியவற்றை அவ்வாறே கொள்ளலாம். கள் விற்குமிடத்தில் கொடி கட்டும் வழக்கத்தை மதுரைக்காஞ்சியும் பட்டினப்பாலையும் முன்பே குறிப்பிடுகின்றன.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் அரிசி மது காய்ச்சும் முறையே உள்ளது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய பாத்திரத்தில் ஆற்றி, அடை சேர்த்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, வெந்நீரில் விரலால் அலைத்துப் பிழிந்தனர். வலைஞர் குடியிருப்பில் கிடைத்த இந்தப் பானம், தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் பீருக்கு நெருங்கிய உறவு.

மதுக்கடைக்கு அரசு ஆவணம் ஏதும் கிடைக்கவில்லை. மக்கள் கூடிய வேறொரு கூடத்துக்கு ஆவணம் உண்டு. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு, மகேந்திரவர்மனின் கொள்ளுப்பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கியது. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்குகளாக்கி, கூரத்து மண்டபத்துக்கு நீரும் தீயும் அளிக்க ஒரு பங்கும், அங்கே பாரதம் வாசிக்க ஒரு பங்கும் அது ஒதுக்கியது. 20 பங்குகள் பிராமணர்களுக்குச் சென்றன. கதை கேட்ட கூடத்தின் விளக்குச் செலவுவரை செப்பேட்டில் ஏற, குடித்துப் பாடிய கூடம் நாடகத்தில் மட்டும் தங்கியது.

அந்த நாடகத்தையும் தமிழகம் மறந்தது. காஞ்சிக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டில் அதன் பெயர் மட்டும் சிதைந்த வரிகளுக்கிடையே நின்றது. கேரளத்தில் சாக்கியார்கள் அதைக் கோயில்களில் தொடர்ந்து ஆடிவந்தனர். த. கணபதி சாஸ்திரி 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சிட்ட பின்னரே காஞ்சியின் மதுக்கடை மீண்டும் படிக்கக் கிடைத்தது.